கால்நடை அலுவலகத்தில் கடன் வாங்கிய குளிர்

உங்களில் மூன்று பேர் தனித்தனியாக எனக்கு ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள். அகச்சிவப்புக் கேமராவை முதன்முறையாகக் குளிர்விக்கும்போது எதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அது கையேட்டில் இருக்கிறது. அதில் பாதி நான் எழுதியது, மீதிப் பாதி நான் திருத்தியது. அந்த வரிசைப்படி செய்யுங்கள், தவறாது. கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதையும் கையேட்டில் சேர்க்க ஒருமுறை முயன்றேன். எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நீங்கள் இப்போது வேலை செய்யும் கருவிக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். விருப்ப ஓய்வு பெற்று இப்போது போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் இருக்கிறேன். விமானம் இறங்கும்போது அலமாரிக் கண்ணாடி அதிரும் வீடு. அப்பா பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்து சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நான் இங்கேயே பிறந்தேன். படிப்புக்கும் வேலைக்கும்தான் கடல் தாண்டி மெயின்லேண்ட் போனேன்.

நம் கேமரா என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை என் மனைவியும் படிப்பாள், அவளுக்காக நான்கு வரி. நெபுலாக்களில், அதாவது ஒளிமுகில்களில், தூசி இருக்கிறது. உள்ளே இருக்கும் விண்மீனை அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். ஆனால் விண்மீனின் வெப்பத்தில் அந்தத் தூசியும் சூடாகி, அகச்சிவப்பில் ஒளிர்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் பார்க்கும் கேமரா குளிர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேமராவின் சூடே படத்தை நிரப்பிவிடும். அதனால்தான் உள்ளே திரவ நைட்ரஜன் ஊற்றுகிறோம். நைட்ரஜன் தீர்ந்தால் கேமரா குருடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குழுவுக்குத் தலைமை வகித்த பெண்மணியை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் அழைத்தோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, தட்டைக்கூடத் தொடாமல் கேட்டார்:

"உங்க ஊர்ல சாயங்காலம் அஞ்சரைக்கே இருட்டிடுமாமே, நிஜமா?"

"நவம்பர்ல அஞ்சு மணிக்கே விளக்குப் போடணும் மேடம். கடிகாரம் மட்டும்தான் உங்க ஊர்க் கடிகாரம். சூரியன் எங்க ஊர்ச் சூரியன்."

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த நவம்பரில் ஒரு மாலை, வளர்பிறை நிலா ஓர் ஒளிமுகிலின் முன்னால் கடந்துபோகும்போது, அதன் உள்ளே இருக்கும் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது. தூசி இல்லாத விண்மீன் என்றால் நிலாவின் விளிம்பு பட்டதும் சுவிட்சை அணைத்தது போல மறையும். தூசி சூழ்ந்த விண்மீன் அப்படிப் போகாது. முதலில் ஒரு பக்கத் தூசி, பிறகு விண்மீன், பிறகு மறுபக்கத் தூசி என்று சரிந்து சரிந்து போகும். அந்தச் சரிவைப் பதிவு செய்தால், எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத தூசி உறையின் அகலம் தெரிந்துவிடும். மொத்தமும் அரை விநாடிகூட இல்லை. நிகழும் நேரம் மாலை ஐந்தரையை ஒட்டி. அப்போது தென்னிந்தியாவில் சூரியன் இன்னும் இறங்கியிருக்காது. அந்தமானில் இருட்டியிருக்கும். நிலாவின் பாதை அதன் பிறகு நகர்ந்துவிடும். மறுபடி அந்த விண்மீன் மீது வர ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் மேடம் ஓய்வு பெற்றிருப்பார்.

நான் எல்லாத் தடைகளையும் சொன்னேன். ஈரம், உப்புக்காற்று, மேகம். "உப்பு டப்பாவைத் திறந்தா தண்ணி நிக்கிற ஊர் மேடம்" என்றேன்.

"அரை விநாடிதான் கேக்கறேன். உங்க ஊர் அதுகூடத் தராதா?"

நான் கப்பல் தேதிகளை எடுத்து விரித்தேன்.

எங்களுக்கிருந்த பெரிய சிக்கல் நைட்ரஜன். அதைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கப்பலில்தான் அனுப்ப வேண்டும். கலனில் இருக்கும்போதும் அது நாள்தோறும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் அனுப்பினால் போய்ச் சேர்ந்த இடத்திலேயே காலியாகிவிடும். தாமதமாக அனுப்பினால் கப்பல் வந்தால்தான் உண்டு. தீவில் வளர்ந்தவர்கள் யாரும் கப்பல் வரும் தேதியை நம்பிக் கல்யாணப் பந்தல் போட மாட்டார்கள். ஹட்டோ துறைமுகத்தில் கயிறு கட்டிய பிறகுதான் கப்பல் வந்ததாகக் கணக்கு. இதை மேடத்திடம் சொல்லி, நடுவில் நிறைய நாள் விட்டுத்தான் திட்டம் போட்டோம். தொலைநோக்கி முந்தைய கப்பலில் போய்விட்டது. கேமராவை விமானத்தில் எங்களுக்கு நடுவில் ஓர் இருக்கை வாங்கி உட்கார வைத்துக் கொண்டுபோனோம். பணிப்பெண் அதற்கும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தார்.

நாங்கள் இறங்கிய மறுநாள் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. சென்னையிலிருந்து கப்பல் கிளம்பவில்லை. எங்கள் நைட்ரஜன் அந்தக் கப்பலின் சரக்கறையில் இருந்தது.

மின்னி பேயில் ஒரு விருந்தினர் விடுதியின் மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டு, நான் ஊர் முழுக்க அலைந்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் இருந்தது. வெல்டிங் கடைகளில் வேறு வாயுக்கள் இருந்தன. திரவ நைட்ரஜன் ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்று, தீவு வழக்கப்படி எல்லோரையும் பாய் என்று அழைக்கும் என் மைத்துனன் சொன்னான். "மாட்டு டாக்டர் ஆபீஸ்ல இருக்கும் பாய். சினை ஊசி போடுறாங்கல்ல, அந்தக் குச்சியெல்லாம் அதுக்குள்ளதான வெச்சிருப்பாங்க."

அவன் சொன்னது சரி. காளையின் உறைவிந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, நைட்ரஜன் கலனுக்குள் மூழ்க வைத்திருப்பார்கள். அந்த அலுவலகத்துக்குப் பொறுப்பு டாக்டர் மல்லிகா. நாற்பது வயதிருக்கும். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். நான் உள்ளூர்க்காரன் என்று தெரிந்ததும் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதனால் சுலபமாகக் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"நட்சத்திரம் பார்க்க என்னோட நைட்ரஜன் வேணுமா?" என்றார்.

"ஆமாங்க. கொஞ்சம்."

"அண்ணே, எனக்கு வர வேண்டியதும் எந்தக் கப்பல்ல இருக்குன்னு தெரியுமா?"

எனக்குப் புரிந்துவிட்டது.

"அதே கப்பல்" என்றார். "என்கிட்ட ரெண்டு கலன் இருக்கு. ரெண்டும் பாதிக்குக் கீழ. அது வத்துச்சுன்னா உள்ள இருக்கிற குச்சி அத்தனையும் செத்துரும். டிக்லிபூர் வரைக்கும் மாடு வெச்சிருக்கிறவங்க இதை நம்பித்தான் இருக்காங்க. பால் கறந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவங்க. மறுபடி குச்சி வாங்க நான் மெயின்லேண்டுக்கு எழுதிப் போட்டா, எப்ப வரும்னு எனக்கே தெரியாது. உங்க நட்சத்திரம் அடுத்த மாசம் வராதா?"

"நட்சத்திரம் வரும். நிலா இப்படி வராது."

"அப்ப நிலாகிட்டதான் பேசணும், என்கிட்ட இல்ல" என்றார். பக்கத்தில் நின்ற ஸ்டோர் உதவியாளர், எல்லோரும் தாதா என்று அழைக்கும் வங்காளி, தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "காய் பெஹ்லே, தாரா பாத் மே." மாடு முதலில், நட்சத்திரம் பிறகு.

நான் மேடத்திடம் வந்து சொன்னேன். அவர் ஒன்றும் வாதாடவில்லை. "அவங்க சொல்றது சரிதானே" என்றார். பிறகு தொலைநோக்கியின் திருகுகளை மறுபடி சரிபார்க்கப் போய்விட்டார். அன்று முழுக்க அவர் அந்த வேலையையே செய்தார். சரியாக இருந்த திருகுகளை.

மறுநாள் காலை டாக்டரே போன் செய்தார்.

"அண்ணே, நேத்து நீங்க போன பிறகு யோசிச்சேன். ரெண்டு கலன்லயும் கொஞ்சங்கொஞ்சமா வெச்சு, ரெண்டுலயும் ஆவியா விட்டுக்கிட்டிருக்கேன். எல்லாக் குச்சியையும் ஒரே கலனுக்கு மாத்திட்டா ஒண்ணுலதான் வத்தும். குச்சி நல்லா மூழ்குற வரைக்கும் நிரப்புனாலும் கொஞ்சம் மிஞ்சும். சின்னக் குடுவைல ரெண்டு குடுவை தேறும். நாளைக்குக் கப்பல் கிளம்புதுன்னு துறைமுகத்துல சொல்றாங்க. கிளம்புனா மூணு நாள். தாங்கும்."

"தாங்கலைன்னா?"

"தாங்கலைன்னா என் தலை உருளும். குச்சிய மாத்துறப்ப ஆள் பத்தாது, நீங்க வந்து டார்ச் புடிங்க."

அந்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். குச்சிகள் சிறு குவளைகளில் கட்டுக்கட்டாக இருக்கும். வெளிக்காற்றில் சில விநாடிகளுக்கு மேல் இருந்தால் போயிற்று. எது போயிற்று என்று பார்த்தும் தெரியாது. பல மாதங்கள் கழித்து மாடு சினைப்படாதபோதுதான் தெரியும். முதலில் வெறும் குவளையை வைத்து அவரும் தாதாவும் பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். பிறகு கைகளில் நீலக் கையுறை மாட்டிக்கொண்டு, "இனிமே யாரும் பேசக் கூடாது. அண்ணே, நீங்க மூச்சுகூட அந்தப் பக்கம் விடுங்க" என்றார். வெண்புகைக்குள் கை போகும், வரும், அடுத்த கலனுக்குள் இறங்கும். கடைசிக் குவளை இறங்கியதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நம் கூடத்தில் உணரியை, அந்த ஒற்றைச் சில்லை, பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தும்போது நாம் எப்படி இருப்போமோ அப்படி இருந்தார்.

கலனுக்குள் ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டு எடுத்து, காற்றில் இரண்டு முறை வீசினார் தாதா. நனைந்த உயரம்வரை வெள்ளையாக உறைபனி பிடித்தது. அதை விரலால் அளந்தார். அந்த அலுவலகத்தில் நைட்ரஜனுக்கு அளவு விரல்தான். இரண்டு சின்னக் குடுவைகளுடன் நான் ஆட்டோவில் ஏறினேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முந்தின நாளே குளிர்வித்து, சோதித்து, மறுபடி நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் வானத்தைப் பார்ப்போம். இரண்டு குடுவையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஒன்றைக் காலையில் ஊற்றிக் குளிர்விப்பது, இன்னொன்றை மதியத்துக்கு மேல் ஊற்றி மாலை வரை தக்கவைப்பது என்று முடிவு செய்தோம். சோதனை கிடையாது. நேரே மேடை ஏறுவதுதான்.

நிகழ்வு நாள் காலையில் முதல் குடுவையை ஊற்றினேன். அவசரப்படாமல், லென்ஸ் விரிசல் விடாதபடி, கொஞ்சங்கொஞ்சமாக. ஈரக்காற்றில் கேமராவின் முன்கண்ணாடி வியர்க்கும் என்பதால், கலனிலிருந்து கொதித்து வெளியேறும் உலர்ந்த வாயுவை ஒரு குழாயில் பிடித்து, அந்தக் கண்ணாடி மீதே வீசும்படி கட்டியிருந்தேன். அந்தக் குழாயில் இன்னொரு பயன் உண்டு. காதருகே வைத்துக் கேட்டால், உள்ளே கொதிப்பு எப்படி இருக்கிறது என்று தெரியும். உலோகம் சூடாக இருக்கும்போது அது சீறும். குளிர்ந்த பிறகு தூங்குகிறவரின் மூச்சு போல ஒரே சீராக வரும். மதியத்துக்கு முன்பே மூச்சு சீராகிவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம்.

அப்போதுதான் டாக்டர் மல்லிகாவின் போன் வந்தது.

"அண்ணே, கப்பல் கிளம்பல. இன்னொரு தாழ்வு உருவாகுதாம். எப்பக் கிளம்பும்னு சொல்ல மாட்டேங்குறாங்க."

"ஐயோ."

"உங்க சிலிண்டரும் அதுலதானே இருக்கு, அதான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல. நட்சத்திரம் நல்லாத் தெரியட்டும்." வைத்துவிட்டார்.

குடுவையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அந்த இரண்டாவது குடுவை படிக்கட்டு நிழலில் ஈரத் துணிக்குள் இருந்தது.

நான் மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் குடுவையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இல்லாம அஞ்சரை வரைக்கும் கேமரா பிடிக்குமா?"

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வேலையில் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி உங்களிடம் வரும். கேட்பவர் உங்கள் பதிலை வைத்துத்தான் முடிவெடுப்பார். அப்போது இரண்டு பொய்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஒன்று, 'பிடிக்கும்' என்று தைரியம் சொல்வது. இன்னொன்று, 'பிடிக்காது' என்று சொல்லித் தன்னைக் காத்துக்கொள்வது. எனக்கு மூன்றாவது பொய்யும் வாயில் வந்தது.

"பத்துக்கு ஆறு வாய்ப்பு மேடம்" என்று ஆரம்பித்தேன். உடனே நிறுத்தினேன். "இல்ல, அந்த நம்பர் நானா சொல்றது. கூடத்துல இவ்வளவு குறைவா ஊத்தி நாம பார்த்ததே இல்ல. சத்தம் நல்லா இருக்கு. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அடங்கியிருக்கு, அப்படின்னா உள்ள கொஞ்சம் மிச்சம் இருக்கணும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். பிடிக்குமான்னு தெரியாது."

கேமராவை உருவாக்க நான்கு ஆண்டுகள் உழைத்தவர் அவர். அது எதையாவது பார்த்தது என்று காட்டாவிட்டால் அடுத்த ஆண்டு அந்தத் திட்டமே இருக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"குடுவையைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க."

"மேடம், அவங்க கேக்கலையே."

"கேட்டாங்கன்னா நான் இல்லைன்னு சொல்லிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அவங்க கேக்கறதுக்கு முன்னாடி போயிடுங்க. ஓடுங்க."

நான் ஆட்டோ பிடித்துப் போனேன். மடியில் குடுவை. ஒவ்வொரு பள்ளத்திலும் மூடியின் ஓரம் புகைந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பாம் தோ நஹி ஹை நா?" என்றார், வெடிகுண்டோ என்ற பயத்தில். மாட்டு ஊசி சாமான் என்றேன், நிம்மதியானார்.

டாக்டர் மல்லிகா சாப்பாட்டுக் கையோடு வெளியே வந்தார்.

"என்னண்ணே, பத்தலையா? இன்னும் கேட்டீங்கன்னா சத்தியமா இல்ல."

"திருப்பிக் கொடுக்க வந்தேன். ஒண்ணு ஊத்திட்டோம். இது அப்படியே இருக்கு."

"நான் கேக்கலையே."

"அதனாலதான்."

அவர் குடுவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க மேடத்துக்குக் கொஞ்சம் பைத்தியமா?"

"கொஞ்சம்."

"தாதா! டக்கன் கோலோ!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். கையைக் கழுவிவிட்டு வந்து, பெரிய கலனின் மூடியைத் திறக்கச் சொல்லி, குடுவையிலிருந்து அவரே ஊற்றினார். நான் புகை அடங்குவதற்குள் கிளம்பிவிட்டேன். நன்றி சொல்லவோ கேட்கவோ நேரமில்லை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

மாலையில் குழாயின் மூச்சு இளைக்கத் தொடங்கியது. நாலரைக்கு மேல் காதை ஒட்ட வைத்தால்தான் கேட்டது. நான் வெப்பநிலை காட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன். மேடம் வந்து அந்தத் திரையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அதைப் பார்த்தா கூடுதலாக் குளிருமா? நிலாவைப் பாருங்க."

நிலா தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. சூரியன் விழுந்து ஊர் இருட்டியது. மசூதியிலிருந்தும் கோயிலிலிருந்தும் ஒலிபெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. அலுவலகம் முடிந்து டாக்டர் மல்லிகா ஸ்கூட்டியில் வந்து, செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவது போல ஓசையில்லாமல் வந்து நின்றார். யாரும் அவரை அழைக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

ஐந்தரைக்குச் சற்று முன் மேகம் விலகியது. முழுக்க விலகவில்லை, ஓர் ஈரத் துணி வழியாகப் பார்ப்பது போல. நிலாவின் இருண்ட விளிம்பு திரையில் தெரியாது, விண்மீன் மட்டும் ஒரு புள்ளியாக நிற்கும். நின்றது. மேடம் மெல்ல எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதை நிறுத்தினார். புள்ளி இல்லை.

"பதிவாயிடுச்சா?" என்றேன்.

அவர் வரைபடத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். நேராக ஓடிய கோடு, ஓரிடத்தில் கொஞ்சம் தளர்ந்து, பிறகு விழுந்து, பிறகு இன்னும் கொஞ்சம் தளர்ந்து அடங்கியிருந்தது. கோடு முழுக்க நடுக்கம். கேமரா சூடாகத் தொடங்கியிருந்த நடுக்கம் அது. ஆனால் தளர்ச்சி நடுக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு பக்கமும் தூசி. அந்த விண்மீனைச் சுற்றி, அதுவரை யாரும் அளந்திராத தூசி.

மேடம் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் மல்லிகா எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

"மாடு கன்னு போடவே ஒன்பது மாசம் ஆகுது. உங்களுது கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சே. இதுக்கா அண்ணே இந்த ஓட்டம் ஓடுனீங்க?"

மேடம் முகத்திலிருந்து கையை எடுத்துச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்க வெகுநேரமாயிற்று. குழாயில் மூச்சு எப்போது நின்றது என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கதையிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தைரியத்தால் வந்த வெற்றி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று கேமரா பிடிக்காமல் போயிருக்கலாம், மேகம் விலகாமல் போயிருக்கலாம். அப்படி நடந்திருந்தாலும் மதியம் எடுத்த முடிவு சரியான முடிவுதான். அதை மாலை வந்து மாற்றியிருக்க முடியாது. முடிவின் நல்லது கெட்டதை அது எடுக்கப்பட்ட நேரத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மொட்டை மாடி. நம் கருவிகள் தனியாக வேலை செய்வதில்லை என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். எங்கள் ஆய்வுக்கட்டுரையின் நன்றியுரையில் கால்நடை அலுவலகத்தை மேடம் முதலில் எழுதினார். ஆய்விதழில் அச்சுப்படியைச் சரிபார்த்தவர், இது தவறுதலாகச் சேர்ந்த வரியா என்று கேட்டு எழுதியிருந்தார். இல்லை என்று ஒரே சொல்லில் பதில் போனது.

கப்பல், நாங்கள் மெயின்லேண்ட் திரும்பி வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அன்று காலை கருவிக்கூடத்தில் இருந்தபோது டாக்டர் மல்லிகா கூப்பிட்டார்.

"அண்ணே, ஹட்டோல கயிறு கட்டியாச்சு. இப்பத்தான் நைட்ரஜன் வந்து இறங்குச்சு. உங்க சின்ன சிலிண்டரும் வந்திருக்கு, வழியிலயே வத்திக் காலியா."

"உங்க குச்சியெல்லாம்?"

"இருக்கு. மூழ்கித்தான் இருக்கு. ஊத்தறதுக்கு முன்னாடி தாதா அளந்து பார்த்தாரு. ரெண்டு விரல் மிச்சம்."

நான் மேசை மீது இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன்: "அன்னிக்கு நாங்க திருப்பிக் கொடுத்ததை ஊத்துனீங்களே, அப்ப எவ்வளவு ஏறுச்சு?"

அவர் தாதாவை அழைத்துக் கேட்டார்.

"மூணு விரல்" என்றார்.

"மேடத்துக்கிட்ட சொல்லுங்கண்ணே, அது இல்லேன்னா வத்தியிருக்கும்" என்றார். "வெச்சிடுறேன். விம்பர்லிகஞ்ச்லேர்ந்து ஆள் வந்து நிக்கிறாரு. மாடு காலைலேர்ந்து கத்துதாம், ஊசி போடணும்."